பச்சை மண்ணாய் இருக்கும்போதே



ஆண்டவர் ஒரு நாள் எரேமியாஸ் தீர்க்கதரிசியைக் குயவன் வீட்டுக்குப் போகச் சொன்னார். சொல்ல வேண்டியதை அங்கேதான் சொல்லுவதாகவும் தெரிவித்தார். தீர்க்கதரிசி போய்ப் பார்த்தார். குயவன் சக்கரத்தின்முன் உட்கார்ந்து வனைந்துகொண்டிருந்தான். பாதி எழும்பின பாண்டம் அவன் கையிலேயே கெட்டுப்போயிற்று. ஆனால் அவன் மண்ணைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அதே மண்ணைத் திரட்டி, தனக்குச் சரியென்று தோன்றியபடி வேறொரு பாண்டமாக வனைந்தான். எரேமியாஸ் ஆகமம் 18-ம் அதிகாரத்தில் இதை வாசிக்கலாம்.

இந்த அதிகாரத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பங்கில் சில மாதங்களாக ஒரு புது வழக்கம் பரவி வருகிறது. வங்கியில் வேலை பார்க்கிற வாலிபர், ஓய்வு பெற்ற ஆசிரியர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற தாய்மார் என்று பலரும் நம் ஊர் மண்பாண்டக் கூடத்துக்கு வகுப்புக்குப் போகிறார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியம்மா என்னை நிறுத்தி, “சாமி, காசு கொடுத்து மண்ணில் விளையாடப் போகிறாளே என் மருமகள், இதெல்லாம் ஒரு படிப்பா?” என்று கேட்டார்கள். மண்ணில் கை வைத்த பிள்ளையை அடித்து வளர்த்த தலைமுறை அல்லவா அவர்கள்! கேள்வி நியாயமானதே.

அந்த அம்மாளுக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொல்லுகிறேன். அது நல்ல படிப்புத்தான். நம் புதுச்சேரி வட்டாரத்துக்கு அது புதிதுமல்ல. 1971-ம் ஆண்டில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் இரண்டு அமெரிக்கர் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற கூடத்தைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள் பலர் பிறகு தாங்களே கூடம் வைத்து மற்றவர்களுக்கும் கற்பித்தார்கள். அவர்களுக்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே நம் கிராமத்துக் குயவர்கள் சக்கரம் சுற்றிச் சட்டியும் பானையும் வனைந்து வருகிறார்கள். சீராக் ஞானியின் ஆகமம் 38-ம் அதிகாரம் காலால் சக்கரத்தைச் சுற்றும் குயவனைக் கண்முன் நிறுத்திவிட்டு, இப்படிப்பட்ட தொழிலாளிகள் இல்லாமல் ஒரு பட்டணமும் நிலைக்காது என்று புகழுகிறது. ஆகையால் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற நாம், தெருவில் சட்டி கொண்டுவருகிறவரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பது அழகல்ல. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறவர்கள் முதற் பூசை கண்டுவிட்டுப் போங்கள். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால், அதில் ஒரு குறையும் இல்லை.

குறை இல்லை என்பது மட்டுமல்ல, அங்கே போய்க் கண்ணைத் திறந்து பார்க்கிறவனுக்கு ஒரு ஞானோபதேசமே கிடைக்கும். நானும் ஒரு மாலை போய் ஓரமாக நின்று பார்த்தேன்.

முதலில் மண்ணைப் பிசைகிறார்கள். மண் முழுவதும் ஒரே பதமாகிற வரைக்கும், உள்ளே இருக்கும் காற்று வெளியேறுகிற வரைக்கும் அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும். பிறகு உருண்டையாக்கிச் சக்கரத்தின் நடுவில் வைக்கிறார்கள். நடுவில் வைத்தாலும் அது நடுவில் நிற்பதில்லை. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, ஆட்டம் அடங்கும் மட்டும் அசையாமல் இருக்க வேண்டும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதுவே பல நாள் பாடம். ஆட்டம் அடங்காத மண்ணை மேலே எழுப்பினால், ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் போய், கண் மூடித் திறப்பதற்குள் சரிந்துவிடுகிறது. அன்றைக்கு நான் கண்டமட்டும் நின்ற கிண்ணத்தைவிடச் சரிந்த கிண்ணமே அதிகம்.

சரிந்ததை என்ன செய்கிறார்கள் என்று கவனித்தேன். மூலையில் பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்று இருக்கிறது. சரிந்தது, கோணினது, சீவி எடுத்தது எல்லாம் அதற்குத்தான் போகிறது. அலமாரியில் காயும்போது விளிம்பு உடைந்த கிண்ணமும் அதற்கே போகிறது. தண்ணீரில் ஊறிக் கூழாய்ப் போன மண்ணை எடுத்து, ஈரம் உறிஞ்சும் பலகையில் பரப்பி, பதமாய்க் காய்ந்தபின் மறுபடியும் பிசைந்து சக்கரத்தில் வைக்கிறார்கள். சூளைக்குள் போகாத மண்ணில் ஒரு பிடியும் வீணாவதில்லை. நாள்பட ஊறின மண் முன்னிலும் நன்றாக வளைந்துகொடுக்கும் என்றும் கைத்தொழில் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள்.

பிரியமானவர்களே, இதுதான் முதற் பாடம். ஆதியாகமம் 2-ம் அதிகாரத்தில் சர்வேசுரன் மண்ணினால் மனிதனை உருவாக்கினார் என்று வாசிக்கிறோமே, அங்கே உருவாக்குதல் என்பதற்கு எபிரேய மூலத்தில் வருகிற சொல்லும், எரேமியாஸ் ஆகமத்தில் குயவன் என்பதற்கு வருகிற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. நம்மை உண்டாக்கினவர் குயவனுக்குரிய பொறுமை உடையவர். தம்முடைய கையில் கெட்டுப்போன மண்ணை அவர் வீசி எறிகிறதில்லை. அர்ச். அகுஸ்தீன் 354-ம் ஆண்டில் பிறந்தவர்; 387-ம் ஆண்டுப் பாஸ்குத் திருநாளில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குள் 32 வயது ஆகிவிட்டது. அத்தனை வருஷமும் கோணலாகத் திரிந்த மண் அது. அவருடைய தாய் மோனிக்கம்மாள் கண்ணீரால் அதை நனைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த மண்ணிலிருந்துதான் திருச்சபைக்கு ஒரு மேற்றிராணியாரும் வேதபாரகரும் எழும்பினார்.

மண்ணுக்குச் சுயபுத்தி உண்டா, குயவன் இஷ்டப்படிதானே அது ஆகும், அப்படியானால் என் கோணலுக்கும் குயவனே பொறுப்பல்லவா என்று சிலர் கேட்பார்கள். எரேமியாஸ் அதிகாரத்தை இன்னும் நாலு வரி தள்ளி வாசியுங்கள். ஒரு ஜனம் தன் பொல்லாத வழியை விட்டுத் திரும்புமானால், அதற்கு வருவிக்க இருந்த தண்டனையை நீக்கிவிடுவதாக ஆண்டவர் அங்கே வாக்களிக்கிறார். சக்கரத்தின் மண் திரும்ப மாட்டாது, நாம் திரும்பலாம். சர்வேசுரன் நமக்குச் சுயாதீனத்தைத் தந்த மண் நாம்.

இரண்டாவது பாடம் இன்னும் ஆச்சரியமானது. மண்ணைக் கையாளாதவர்களுக்குத் தெரியாதது. வாளியில் போடுகிற மண் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், பாதி காய்ந்த மண் சீக்கிரம் கரையும், நன்றாகக் காய்ந்துபோனது கரைய நாளாகும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பதோ நேர்மாறு. தோல் பதத்தில் இருக்கிற மண்ணைத் தண்ணீரில் போட்டால், அது கட்டியாகவே நாட்கணக்கில் கிடக்கும். ஈரம் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் புதுத் தண்ணீருக்கு இடங்கொடுக்காது. எலும்பு போல் முற்றும் காய்ந்த கிண்ணத்தைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பட்டவுடன் குமிழ் குமிழாகக் காற்றை விட்டு, அடுக்கடுக்காய் உதிர்ந்து, சற்று நேரத்தில் அடியில் சேறாகப் படிந்துவிடும்.

இதைப் பார்த்தபோது எனக்குச் சவுல் ராஜாவும் தாவீது ராஜாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். இருவரும் பாவம் செய்தார்கள். இருவரிடமும் தீர்க்கதரிசி வந்து கண்டித்தார். சவுல் சாமுவேலிடம் முதலில் தான் கட்டளையை நிறைவேற்றிவிட்டதாகச் சொன்னான். பிறகு ஜனங்கள்மேல் பழி போட்டான். கடைசியில் ஒப்புக்கொண்டபோதும், மூப்பர்களின் முன்பாகத் தன்னைக் கனம்பண்ண வேண்டும் என்று கெஞ்சினான். தாவீதின் பாவமோ அதைவிடக் கொடியது: அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் போரில் சாகவிட்டவர் அவர். ஆனாலும் நாத்தான் வந்து விரல் நீட்டினவுடன், ஒரு சாக்கும் சொல்லாமல் ஆண்டவருக்கு விரோதமாகப் பாவம் செய்ததாக அறிக்கையிட்டார். சவுல் அரை ஈரத்தில் இருந்த கட்டி. தாவீது காய்ந்து தண்ணீருக்குத் தாகமாயிருந்த மண்.

நம்மில் பெரும்பாலோர் சவுலைப் போலத்தான் இருக்கிறோம். பெரிய பாவி என்று சொல்ல முடியாது. ஞாயிறு பூசை தவறுவதில்லை, ஜெபமாலை சொல்லுகிறோம், சபைக் காரியங்களில் முன்னால் நிற்கிறோம். அந்தக் கொஞ்ச ஈரம் இருக்கிறபடியால், இனித் திருந்த வேண்டியது ஒன்றுமில்லை என்று கட்டியாய் உட்கார்ந்திருக்கிறோம். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்தாலும், கோபித்தேன், ஆனால் அவன் கோபமூட்டினான். பொய் சொன்னேன், ஆனால் வேறு வழி இல்லை என்று ஒவ்வொரு பாவத்துக்கும் ஓர் ஆனாலைச் சேர்த்துக்கொண்டு வருகிறோம். வரப்பிரசாதமாகிய தண்ணீர் சுற்றிலும் நிற்கிறது. உள்ளே இறங்க இடமில்லை. கோவிலின் கடைசியில் நின்று மார்பில் அறைந்துகொண்ட ஆயக்காரன் நீதிமானாக வீடு திரும்பினதும், முன்னால் நின்று தன் தர்மங்களை எண்ணிச் சொன்ன பரிசேயன் வந்தபடியே போனதும் இதனால்தான்.

மூன்றாவது பாடத்தைக் கொஞ்சம் பயத்தோடு சொல்லவேண்டும். அது நெருப்பைப் பற்றியது. வேதாகமம் சில இடங்களில் சூளையை நீதிமான்களின் சோதனைக்கு ஒப்பிடுகிறது. நான் இங்கே மரணத்துக்கு ஒப்பிடுகிறேன்.

பாண்டம் நிழலில் காய்ந்தபின் சூளைக்குப் போகிறது. 500, 600 டிகிரி சென்டிகிரேட் சூட்டுக்குள் மண்ணோடு மண்ணாய் அணுவில் கட்டுண்டிருந்த நீரும் அதை விட்டுப் போய்விடுகிறது. வகுப்புகளில் முதற் சூட்டுக்கே ஏறத்தாழ 1000 டிகிரி வரைக்கும் ஏற்றுகிறார்கள். அந்தச் சூட்டைக் கண்ட மண் இனி மண்ணல்ல, ஓடு. அதைத் தண்ணீரில் ஒரு நாள் போட்டாலும் ஒரு வருஷம் போட்டாலும் கரையாது. இடித்துப் பொடியாக்கினாலும் ஓட்டுத் தூள்தான் கிடைக்கும். வனைகிற களிமண் கிடைக்காது.

ஒரு வருஷமென்ன, இரண்டாயிரம் வருஷமானாலும் அப்படித்தான். நமக்கு அருகில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அங்கே மண்ணைத் தோண்டினார். இத்தாலி தேசத்திலிருந்து கப்பலேறி வந்த பாண்டங்களின் ஓடுகளும், நம் நாட்டுக் குயவர் வனைந்தவற்றின் ஓடுகளும் அகப்பட்டன. நம் ஆண்டவர் இவ்வுலகில் திருவவதாரம் எடுத்திருந்த காலத்தை ஒட்டின பாண்டங்கள் அவை. எத்தனை மழைக்காலம், எத்தனை வெள்ளம் அவற்றின்மேல் போயிருக்கும்! சுற்றிலும் ஆற்று ஈரம். ஆயினும் கோணலாய் வனையப்பட்டது கோணலாகவே கிடந்தது. உடைந்தது உடைந்தபடியே கிடந்தது. இரண்டாயிரம் வருஷத்துத் தண்ணீரால் ஒரு விளிம்பையும் நேராக்க முடியவில்லை.

எரேமியாஸ் தீர்க்கதரிசி இதையும் அறிவார். 18-ம் அதிகாரத்தில் பச்சை மண்ணைப் பார்த்தவர், 19-ம் அதிகாரத்தில் சுட்ட ஜாடி ஒன்றை விலைக்கு வாங்குகிறார். மூப்பர்களையும் குருக்களையும் கூட்டிக்கொண்டு என்னோம் பள்ளத்தாக்குக்குப் போய், எல்லாரும் பார்க்க அதை உடைத்துப்போடுகிறார். திரும்பச் செப்பனிட முடியாத பாண்டத்தைப் போல இந்த ஜனமும் இந்த நகரமும் உடைபடும் என்பது அதன் பொருள். குயவன் வீட்டில் கேட்ட அழைப்பை அந்த ஜனம் தள்ளிவிட்டது. கி.மு. 6-ம் நூற்றாண்டில் பாபிலோன் அரசனுடைய சேனை வந்து ஜெருசலேமை இடித்துப்போட்டது. முதல் அதிகாரத்துக்கும் இரண்டாவது அதிகாரத்துக்கும் நடுவே இருந்தது என்ன? அவகாசம். அது இருக்கும்போது அவர்கள் அதை உபயோகிக்கவில்லை.

ஆதித் திருச்சபையின் பிரசங்கம் ஒன்று அர்ச். கிளமெந்து பாப்பரசர் பெயரால் வழங்குகிறது. அவர் எழுதியதல்ல என்றாலும், 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் கருதுகிறார்கள். குயவன் தன் கையில் கோணிப்போனதைத் திருத்தி வனைகிறான். சூளைக்குள் விட்டபின் அவனாலும் உதவி செய்யக் கூடாது. நாமும் இந்த உலகத்தில் இருக்கும்போதே மனந்திரும்ப வேண்டும் என்று அந்தப் பிரசங்கி அந்நாளைய விசுவாசிகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

என் பிள்ளைகளே, இது யாருக்கோ சொன்ன பேச்சு என்று நினையாதேயுங்கள். குருவானவனாய் இருந்த இத்தனை வருஷத்தில் எத்தனையோ அடக்கங்களை நடத்தியிருக்கிறேன். முன்பு நான் இருந்த ஒரு பங்கில் அண்ணன் தம்பி இருவர். நடுச்சுவர் ஒரு முழம் தள்ளி எழும்பினதென்று பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே கோவிலில் ஆளுக்கொரு வாசலால் வந்து, ஆளுக்கொரு வாசலால் போவார்கள். தம்பி படுக்கையில் விழுந்தபோது அண்ணனிடம் போய்ச் சொன்னேன். “அவன் கூப்பிடட்டும் சாமி, வருகிறேன்” என்றார். தம்பியிடம் சொன்னேன். “அவர் பெரியவர், அவர் வரட்டும் சாமி” என்றார். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தம்பி இறந்துபோனார். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு, “மன்னித்துக்கொள்ளடா, என்னைப் பாரடா” என்று கதறினார். ஊரே அழுதது. கேட்க வேண்டியவர் மட்டும் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அந்த வார்த்தையில் பாதியைச் சொல்லியிருந்தாலும் போதுமாயிருக்குமே!

சர்வேசுரனுடைய இரக்கத்துக்கு எல்லை இல்லை. இறந்தவருக்காகப் பூசை வைக்கிறோம், மன்றாடுகிறோம், அதெல்லாம் பலனுள்ளதே. ஆனால் இரண்டு சகோதரர் ஒருவரையொருவர் மன்னிக்கும் காரியத்தை இங்கேதான் செய்யவேண்டும், இருவரும் உயிரோடிருக்கும்போதுதான் செய்யவேண்டும்.

ஆகையால் இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஒன்றை யோசியுங்கள். நம் வீட்டில் இன்னும் பச்சையாக இருப்பது எது? மகனோடு பேசாத தகப்பனார் இருக்கிறாரா? இன்றிரவு சோற்றுக்கு உட்காரும்போது அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அது போதும், மற்றதை அவன் பேசுவான். மருமகள் வனைந்து கொண்டுவந்த கோணல் கிண்ணத்தைக் கேலி செய்த மாமியார் இருக்கிறார்களா? அதில் ஒரு வாய் மோர் ஊற்றிக் குடியுங்கள். ஊரைவிட்டுப் போய் வருஷக்கணக்காய்க் கடிதமும் போனும் இல்லாத பிள்ளை இருந்தால், அவன் போன் செய்யட்டும் என்று காத்திராமல் நீங்கள் செய்யுங்கள். குடியை விட வேண்டுமென்று பத்து வருஷமாய் நினைத்துக்கொண்டிருக்கிறவரே, வயதாகிவிட்டது, இனி எங்கே மாறுவது என்று சொல்லாதேயும். சக்கரத்தண்டை அறுபது வயதில் முதன்முறை உட்கார்ந்து கிண்ணம் வனையக் கற்கிறவர் நம் பங்கிலேயே இருக்கிறார். கை புதிதாகக் கற்கும்போது இருதயம் கற்காதா? மூச்சு இருக்குமட்டும் நீர் பச்சை மண்தான். உம்மைச் சுட்ட ஓடு என்று சொல்லுகிறவன் பசாசு, அவன் பொய்யன்.

வகுப்புக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கிண்ணம் சரியும்போது சலித்துக்கொள்ளாதேயுங்கள். அதை வாளியில் போடும் அந்த நொடியில் ஒரு சிறு மனஸ்தாப ஜெபம் செய்யுங்கள். நகக்கண்ணில் மண் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது, தபசுகாலத் தொடக்கத்தில் குருவானவர் நெற்றியில் சாம்பல் பூசி நினைப்பூட்டினதை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் மண். ஆனால் ஒரு கையில் இருக்கிற மண்.

சனிக்கிழமை மாலை 5 மணி முதல் 7 மணி வரைக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். பாஸ்குக் கடனை இன்னும் செலுத்தாதவர்கள் கடைசி வாரத்துக்கென்று தள்ளிவைக்க வேண்டாம். வருஷக்கணக்காய் வராதவர்களும் வெட்கப்படாமல் வரலாம். நன்றாய்க் காய்ந்த மண்தான் சீக்கிரம் கரையும் என்று மேலே சொன்னேன் அல்லவா?

ஆண்டவரே, நாங்கள் களிமண், தேவரீர் எங்களை வனைகிறவர். எங்கள் வீடுகளில் இறுகிப்போன இருதயங்களை உமது வரப்பிரசாதத்தால் நனைத்தருளும். கோணினதை உமது சித்தப்படி திருத்தி வனைந்தருளும். மரணம் வந்து எங்களை இருந்தபடியே நிலைப்படுத்தும் வேளையில், உமது கைக்குத் தகுந்த பாத்திரங்களாய்க் காணப்படும்படி, எங்களுக்கு இன்றைய நாளைத் தந்திருக்கிறீர். அதை நாங்கள் இழந்துபோகாதபடி காத்தருளும். ஆமென்.

உங்கள் பங்குச் சாமியார்